எத்தியோப்பியாவில் டேனரி வேலை, சம்பளம் பிர் நாணயத்தில்: நம்பிப் போகலாமா?

கேள்வி: பாலாற்றங்கரை (வாணியம்பாடி)

அனைவருக்கும் வணக்கம். தோல் தொழிலில் இருக்கும் மூத்தவர்கள், வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள், வங்கியில் இருப்பவர்கள் யாராவது நிதானமாகப் பதில் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்கும் ஃபினிஷிங்குக்கும் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மாதம் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். இப்போது எத்தியோப்பியாவில், மோஜோ என்ற ஊரில் தோல் பதனிடும் ஒரு டேனரியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மாதம் 1,80,000 பிர், தங்குமிடம் இலவசம், ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வர விமான டிக்கெட். இன்றைய விலைக்குக் கணக்குப் போட்டால் ஆயிரத்து இருநூறு டாலருக்குச் சற்று மேல், நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது.

என் குழப்பம் அந்த நாணயத்தைப் பற்றியது. பெரியகுப்பத்தில் என் மாமா பையன் சவுதி ரியால் அனுப்புகிறான், பக்கத்துத் தெருவில் குவைத் தினார் வருகிறது. அவற்றை எல்லோருக்கும் தெரியும். பிர் என்றால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வேலூர் போயிருந்தபோது காந்தி சாலையில் பணம் மாற்றும் கடையில் விசாரித்தேன். "வங்கதேச டாக்கா இருந்தால் கொடுங்கள், இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. தங்கைக்கு அடுத்த ஆண்டு திருமணம் வைத்திருக்கிறோம், அதற்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

பதில் 1: கோட்டை அகழி (வேலூர்)

தம்பி, நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பங்குக்குச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடையில் வாங்க மறுத்ததற்குக் காரணம் எளிது. பிர் எத்தியோப்பியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் பணம். வெளியே அதற்குச் சந்தை இல்லை. டாக்காவுக்கு வேலூரில் தினமும் ஆள் இருக்கிறது, மருத்துவமனைக்கு வரும் வங்கதேசத்துக்காரர்கள் கொண்டுவருகிறார்கள். பிர் நோட்டை வாங்கி வைத்தால் கடைக்காரர் யாரிடம் விற்பார்? ஆகவே நீங்கள் அங்கே சம்பாதிப்பது இங்கே வந்து சேர வேண்டுமானால், அந்த நாட்டு வங்கியிலேயே அது டாலராகவோ யூரோவாகவோ மாறி, வங்கி வழியாகத்தான் வர வேண்டும். கேட்க வேண்டிய முதல் கேள்வி, சம்பளத்தை வெளியே அனுப்ப நிறுவனம் எழுத்தில் பொறுப்பேற்கிறதா என்பதுதான்.

புறப்படும் முன்பே இங்கே வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கு தொடங்குவது பற்றி உங்கள் கிளையில் பேசிவையுங்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் அந்தக் கணக்கில் போடும் வெளிநாட்டுப் பணத்தின் வட்டிக்கு இங்கே வரி இல்லை. ஏற்கெனவே இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கையே தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது, அதை, வெளிநாடு போனவர் இங்கே வரும் பணத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டுப் பின்னால் அலைகிறார்கள்.

பிர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அங்கே இருந்தவர்கள் சொல்லட்டும்.

பதில் 2: சுண்ணாம்புத் தொட்டி (மேல்விஷாரம்)

தம்பி, மோஜோ பெயரைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரில் நான் சில ஆண்டுகள் டேனரியில் இருந்தேன். 2024இல் பிர் விழுந்தபோது அங்கேதான் இருந்தேன். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

தொழிலைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். அந்நாட்டு மேட்டு நிலத்துச் செம்மறித்தோல் கையுறைக்கென்றே பிறந்தது போல இருக்கும். மெல்லியது, ஆனால் இழுத்தால் கிழியாது. பாத்தி என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் ஆட்டுத்தோலும் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. நம் ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு ஆட்கள் பலர் அங்கே போய் வேலை பார்த்திருக்கிறார்கள். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அந்நாட்டுத் தோல் துறைக்கும் நெடுநாள் உறவு உண்டு. தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து தென்கிழக்கே எழுபது கிலோமீட்டர் தூரத்தில் மோஜோ. ஜிபூட்டி துறைமுகத்திலிருந்து வரும் சரக்கில் பெரும்பகுதி இறங்கும் உலர் துறைமுகம் அங்கேதான். குளிரும் வெயிலும் அளவோடு இருக்கும்.

இனி பணத்துக்கு வருகிறேன்.

பிர் ஒரே நாளில் விழுந்த பணமில்லை. பல ஆண்டுகளாக அரசாங்கம் அதைக் கையில் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வந்தது. 2017 அக்டோபரில் ஒரே அறிவிப்பில் 15 சதவீதம் குறைத்தார்கள். மற்றபடி தினமும் துளித்துளியாகக் கரைந்தது. நாட்டுக்கு டாலர் வரும் வழிகள் குறைவு. காப்பி, தங்கம், பூக்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பணம், முக்கியமாக இவைதான். எரிபொருள், உரம், மருந்து, இயந்திரம் எல்லாவற்றுக்கும் டாலர் வெளியே போக வேண்டும். 2020 நவம்பரில் வடக்கே திக்ராயில் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 2022 தொடக்கத்தில் அமெரிக்கா அந்நாட்டுச் சரக்குக்குக் கொடுத்திருந்த தீர்வைச் சலுகையை நிறுத்தியது. ஆயத்த ஆடைக்கும் தோல் பொருளுக்கும் அது பெரிய அடி. 2023 டிசம்பரில் சர்வதேசக் கடன் பத்திரத்துக்கு வட்டியாகக் கட்ட வேண்டிய 3.3 கோடி டாலரை அரசு கட்டவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் டேனரியில் தோல் பதனிடும் குரோம் பவுடரும் சாயமும் தீர்ந்தால் மறுபடி வாங்க டாலர் கிடைக்காது. வங்கியில் விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் காலியாக நிற்கும், ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வங்கியில் ஒரு டாலருக்கு 57 பிர், வெளியே திருட்டுச் சந்தையில் அதைப்போல் இரட்டிப்பு. இரண்டுக்கும் அத்தனை இடைவெளி விழுந்துவிட்டால், வங்கியில் எழுதியிருக்கும் விலை சுவரில் மாட்டும் அட்டைக்கு மட்டும்தான். அந்த விலைக்கு யாரும் டாலர் தர மாட்டார்கள்.

2024 ஜூலை 29, திங்கட்கிழமை. பிர் விலையை இனிச் சந்தையே முடிவு செய்யும் என்று எத்தியோப்பிய தேசிய வங்கி அறிவித்தது. அன்றே 57இலிருந்து 74க்கு மேல் போனது. அதே நாளில் சர்வதேச நாணய நிதியம் 340 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆகஸ்டில் நூறைத் தாண்டியது, ஆண்டு முடிவில் 125 அளவுக்கு வந்தது. அதன் பிறகும் இறக்கம் நிற்கவில்லை.

இதை உன் சம்பளக் கணக்கில் வைத்துப் பார். மாதம் ஒரு லட்சம் பிர் வாங்கிய ஒருவருக்கு 2024 ஜூலை நடுவில் அது 1,740 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம். அதே ஆண்டு டிசம்பரில் அதே ஒரு லட்சம் பிர் 800 டாலர், நம் பணத்தில் அறுபத்தெட்டாயிரம். வேலையும் அதுதான், ஆளும் அவர்தான், சம்பளச் சீட்டில் எண்ணும் மாறவில்லை. எங்கள் பிரிவில் இருந்த ஓர் உத்தரப் பிரதேசத்துக்காரர் முழுச் சம்பளத்தையும் பிர் கணக்கில் வாங்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார். கான்பூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர். கூரை போடாமல் வேலையை நிறுத்தினார்.

இன்னொன்றை நீ கேட்கவே இல்லை, ஆனால் அதுதான் உன் கணக்கில் பெரிய ஓட்டை. அந்த 1,80,000 வரிக்கு முன்னா, பின்னா? எத்தியோப்பியாவில் சம்பள வரியின் உச்ச விகிதம் 35 சதவீதம். உச்சம் என்றதும் பெரிய பணக்காரர்களுக்கு என்று நினைத்துவிடாதே, மிகச் சிறிய சம்பளத்திலேயே அந்தப் படி தொடங்கிவிடுகிறது. உன் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்குள் வரும். வரிக்கு முன் என்றால் உன் கைக்கு வருவது ஒரு லட்சத்து இருபதாயிரம் பிர்ரை ஒட்டித்தான் இருக்கும். ரூபாயில் எழுபது, எழுபத்திரண்டாயிரம். சாப்பாடு, போக்குவரத்து போனால் ஆம்பூர் சம்பளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் எவ்வளவு என்று நீயே பார்.

அதற்காகப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளத்தை டாலர் கணக்கில் எழுதச் சொல். பிர்ரில் கொடுத்தாலும் பரவாயில்லை, "மாதம் இத்தனை டாலர், சம்பள நாளன்று இன்ன வங்கியின் டாலர் விற்பனை விலைப்படி பிர்ரில் தரப்படும்" என்று வாசகம் இருக்க வேண்டும். அந்த "விற்பனை விலை" என்ற சொல்லை விடாதே. வங்கி டாலரை வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. நீ ஊருக்கு அனுப்பும்போது வங்கி உனக்கு டாலரை விற்கிறது. வாங்கும் விலையில் உனக்குக் கணக்குப் போட்டால் மாதாமாதம் இடையில் ஒரு துண்டு போய்விடும்.

அங்கே செலவுக்கு பிர் தாராளமாகப் போதும். புதன், வெள்ளி இரண்டு நாளும் அவர்களுக்கு விரதம், எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் இறைச்சி, பால், முட்டை இல்லாத தட்டு கிடைக்கும். பருப்பும் கீரையும் புளித்த இஞ்ஜெரா மேல் வைத்துத் தருவார்கள். நம் தோசை பழகிய நாக்குக்கு அது சீக்கிரம் பிடித்துவிடும். 2021இலிருந்து டெலிபிர் என்று கைபேசியிலேயே பணம் செலுத்தும் வசதி இருக்கிறது. காய்கறிக் கடைக்காரி வரை அதை வாங்குகிறாள்.

பிர் விழுந்ததில் என்னைப் போன்றவர்களைவிட அதிகமாக நொந்தவர்கள் அங்கே எங்களோடு வேலை பார்த்த உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு டாலர் கணக்கு யார் எழுதித் தருவார்கள்? எண்ணெய் விலை ஏறியது, இஞ்ஜெரா சுடும் தெஃப் மாவு விலை ஏறியது, சம்பளம் அங்கேயே நின்றது. தோலில் ஒட்டியிருக்கும் சதையை நீக்கும் ஃபிளெஷிங் இயந்திரத்தில் நின்ற ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், மதியச் சாப்பாட்டைப் பாதி மூடி வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். நீ அங்கே போய் மேற்பார்வையாளராக நிற்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள். உன் ஒப்பந்தத்தைப் பற்றி அவர்கள் முன்னால் பேசாதே.

பதில் 3: நாணயப்பெட்டி (ஆற்காடு)

சுண்ணாம்புத் தொட்டி ஐயா எழுதியதைப் படித்தேன். நான் பழைய நாணயங்கள் சேர்ப்பவன், வேலை விஷயத்தில் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கேட்டவர் "வீட்டில் யாருக்கும் தெரியாத நாணயம்" என்று எழுதியிருந்தார். அதற்காக இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

இப்போது இருக்கும் பிர் பணம் 1945இல் பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் வந்தது. அதற்கு முன் அந்நாட்டுச் சந்தையில் நூறாண்டுக்கு மேலாக ஓடியது ஆஸ்திரியாவின் மரியா தெரேசா வெள்ளித் தாலர். 28 கிராமுக்குச் சற்று மேல் எடை, ஆறில் ஐந்து பங்கு வெள்ளி. அரசி மரியா தெரேசா இறந்தது 1780இல். அதற்குப் பிறகு எந்த ஆண்டு அச்சடித்தாலும் நாணயத்தில் 1780 என்றே பொறித்தார்கள். காப்பி விற்ற எத்தியோப்பியன் அந்த முகமும் அந்த ஆண்டும் இருந்தால்தான் வாங்குவான். பேரரசர் மெனெலிக் 1890களில் பாரீசில் தன் பெயரில் வெள்ளி நாணயம் அடித்துக் கொண்டுவந்தும் மக்கள் தாலரை விடவில்லை. உலகப் போர் நேரத்தில் அதே தாலரை நம் பம்பாய் நாணயச் சாலையிலும் அடித்தார்கள். உள்நாட்டில் சில இடங்களில் உப்புக்கட்டியும் பணமாகவே கைமாறியது.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆற்காட்டு ரூபாய் என்று ஒன்று ஓடியது தெரியும் அல்லவா? கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அதை அடித்தபோது முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் மாற்றாமல் வைத்தது. ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டார். அவர் பெயரில் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் நாணயம் வந்துகொண்டிருந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் ஆற்காட்டு ரூபாயை அடித்தார்கள். மக்களுக்குப் பழகிய முத்திரை இருந்தால் போதும், யார் அடித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அடிஸ் அபாபா சந்தையில் தாலரை வாங்கியவரும் ஆற்காட்டுச் சந்தையில் நெல்லுக்கு ரூபாய் வாங்கியவரும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார்கள்.

தம்பி அங்கே போனால் பழைய தாலர் கண்ணில் படும். பெண்கள் கழுத்தில் நகையாகவும் கோத்திருப்பார்கள். வாங்குவதாக இருந்தால் ஏமாறாதீர்கள், 1780 என்று போட்டிருப்பதால் அது அந்த ஆண்டின் நாணயம் ஆகிவிடாது.

பாலாற்றங்கரை (வாணியம்பாடி)

அனைவருக்கும் மிக்க நன்றி. சுண்ணாம்புத் தொட்டி ஐயா, நீங்கள் சொன்னபடியே நிறுவனத்துக்கு எழுதினேன். சம்பளம் வரிக்கு முன் உள்ளதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். டாலர் கணக்கில் எழுதத் தயார், ஆனால் ஆயிரத்து நூறுதான் தர முடியும், அதில் பாதியை நேராக என் இந்தியக் கணக்குக்கு அனுப்புவோம், மீதியை அங்கே பிர்ரில் தருவோம் என்கிறார்கள். வரியை நிறுவனமே கட்டும் என்றும் சொல்கிறார்கள். எண்ணைக் கேட்டால் முன்பைவிடக் குறைவாக இருக்கிறது, அப்பா தயங்குகிறார். ஒப்பந்தத்தில் தொடக்கத் தேதி 2018 என்று ஏதோ போட்டிருக்கிறார்கள், அதுவும் புரியவில்லை.

சுண்ணாம்புத் தொட்டி (மேல்விஷாரம்)

தம்பி, அப்பாவிடம் சொல், இது முன்பைவிட நல்ல ஏற்பாடு. வரி போக ஆயிரத்து நூறு டாலர் கையில் வருவதும், வரிக்கு முன் 1,80,000 பிர் வருவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் உனக்குக் கிடைப்பது எண்ணூறு டாலரைச் சுற்றித்தான், அதுவும் பிர் இறங்க இறங்கக் குறையும்.

"வரியை நிறுவனம் கட்டும்" என்பதை மட்டும் வாய்ச்சொல்லாக விடாதே. வரி கட்டிய ரசீது உன் பெயரில் மாதாமாதம் உன் கைக்கு வர வேண்டும் என்று எழுதச் சொல். நீ பணம் அனுப்ப வங்கிக்குப் போகும்போது வேலை அனுமதி, ஒப்பந்தம், வரி கட்டிய சான்று மூன்றையும் கேட்பார்கள். ஒன்று இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலை அனுமதி வரும் வரை பணம் அனுப்புவது நடக்காது என்று வைத்துக்கொள். முதல் சில மாதம் வீட்டுக்குப் பணம் வரவில்லை என்றால் அம்மா பயப்படக் கூடாது, இப்போதே சொல்லிவை. தங்கை திருமணத்துக்கு முன்பணம் கொடுப்பதை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நிறுவனம் ஏற்றுமதி செய்கிறதா, உள்ளூரில் மட்டும் விற்கிறதா என்று கேள். ஏற்றுமதி செய்தால் வரும் டாலரில் பாதியைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ள 2024 சீர்திருத்தம் இடம் கொடுத்தது. அப்படிப்பட்ட நிறுவனத்தால் உனக்கு டாலர் அனுப்ப முடியும். உள்ளூர் வியாபாரம் மட்டும் என்றால் அவர்களும் வங்கி வாசலில் நிற்க வேண்டியவர்களே.

தேதி பற்றிக் கேட்டாயே, அதில் பயப்பட எதுவும் இல்லை. அவர்கள் நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் நடக்கிறது. ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம், புத்தாண்டு செப்டம்பர் 11. 2025 செப்டம்பரில் அவர்களுக்கு 2018 பிறந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே வங்கியிலும் வரி அலுவலகத்திலும் நீ ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சம்பளம் பதின்மூன்றாவது மாதத்துக்கு உண்டா என்றும் கேட்காதே, அது ஐந்து நாள்தான், லீப் ஆண்டில் ஆறு, அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. கடிகாரமும் அப்படியே. காலை ஏழு மணியை அவர்கள் ஒரு மணி என்பார்கள். ஷிஃப்ட் நேரத்தை முதல் நாளே தெளிவாகக் கேட்டுக்கொள்.

திரும்பி வரும்போது கையில் பிர் மிச்சம் வைக்காதே. எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிக்கும் தொகை மிகச் சிறியது, கோட்டை அகழி ஐயா சொன்னதுபோல் வேலூரில் அதை வாங்க ஆளும் இல்லை. கடைசி மாதத்துச் சம்பளத்தில் அங்கேயே காப்பிக் கொட்டை வாங்கிக்கொண்டு வா. சிதாமோ, இர்காசெஃபே இரண்டும் எடுத்து வா. நம் வீட்டு டிகாஷனுக்குச் சிதாமோதான் பொருந்தும்.